ரப்பர் பேண்ட் போட்ட லேப்டாப்

மூடி வைத்த லேப்டாப் எதைக் கண்டாலும் டாக்டரின் உள்ளங்கை அதன் முதுகுக்குப் போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோலத் தொடுவார். சில்லென்று இருந்தால், "நல்லா தூங்குது, எழுப்பாதீங்க," என்பார். அலுவலகக் கணினிப் பிரிவின் ஒரே ஆள் அவர். படித்தது டிப்ளமோ, டாக்டர் பட்டம் கொடுத்தது கேன்டீன்.

கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரும் தொங்கும். எந்தக் கோளாறு வந்தாலும் முதல் வார்த்தை, "நீங்க என்ன பண்ணீங்க?" மெஷின்மேல் பழி போட அவருக்கு மனசே வராது. திட்டு ஆளுக்குத்தான்.

பயிற்சி வகுப்பு எடுக்கும் அக்காவுக்கும் அப்படித்தான் விழுந்தது. காலையில் முழுச் சார்ஜோடு மூடிப் பையில் வைத்த லேப்டாப், புதிதாகச் சேர்ந்த நாற்பது பேர் முன்னால், மேலாளரும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, பாதி வகுப்பில் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. ஓடி வந்த டாக்டர் தொட்டுப் பார்த்தார், கொதித்தது. "மூடியைச் சரியா மூடலைக்கா. தூங்காம பையிலயே ஓடிட்டிருந்திருக்கு," என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"என் தப்புதான் தம்பி," என்றார் அக்கா. மறுநாளிலிருந்து மூடிய லேப்டாப்பைச் சுற்றித் தடிமனாக ஒரு ரப்பர் பேண்ட்.

அப்படியும் இன்னும் இரண்டு வகுப்புகள் பாதியில் நின்றன. திங்கட்கிழமையிலிருந்து வகுப்பை வேறொருவர் எடுக்கட்டும் என்று மேலாளர் சொன்ன பிறகுதான் டாக்டர் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தார். தூங்கவிடாமல் தடுப்பது எது என்று கேட்டால் கணினியே சொல்லிவிடும். அரை நிமிட வேலை. சொல்லியும் விட்டது. போன மாதம் அக்காவின் கோப்புகளை நகலெடுத்தபோது, நடுவில் லேப்டாப் தூங்கிவிடக் கூடாதென்று டாக்டரே போட்ட சின்ன சாஃப்ட்வேர் அது. மூடியை மூடினாலும் தூங்கவிடாது. வேலை முடிந்ததும் எடுக்க மறந்திருக்கிறார்.

காது மடல் சுட்டது. சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வெட்கங்கெட்ட விரல் நீக்கும் பட்டன் வரைக்கும் போகவும் செய்தது. பக்கத்தில் நின்ற அக்கா, கழற்றிய ரப்பர் பேண்டை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். "இன்னும் இறுக்கமா ஒண்ணு வாங்கட்டுமா தம்பி?"

டாக்டரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு, "எங்கூட வாங்கக்கா," என்று மேலாளர் அறைக்கு நடந்தார்.

"இந்தத் தடவை இவங்க என்ன பண்ணாங்க?" என்றார் மேலாளர்.

டாக்டர் லேப்டாப்பை மேசைமேல் வைத்துத் திரையை அவர் பக்கம் திருப்பினார். சாஃப்ட்வேரை நிறுவியவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயருக்குக் கீழே விரலை வைத்தார். மேலாளர் வாசித்து முடிக்கும்வரை அதை எடுக்கவில்லை.