பஞ்சாலை கேட்ட கோர்ட்டுக் கடுதாசி

ஐம்பத்துநாலு வயதில் பஞ்சாலை என்கிறவளுக்கு ஒரு கடுதாசி தேவைப்பட்டது. அது கிடைக்காவிட்டால் மாதக் கடைசியோடு வேலை இல்லை. வேலை என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. நீலாய் டவுனில் ஒரு பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது, மூக்கைச் சிந்திவிடுவது, மத்தியானம் பாய் விரித்துத் தூங்கவைப்பது. பதினோரு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கல்யாணம் காட்சி என்று எதுவும் வாய்க்காதவளுக்கு, நாளொன்றுக்கு முப்பது பிள்ளைகள் 'பஞ்சு ஆன்ட்டி' என்று காலைக் கட்டிக்கொள்வது சின்ன விஷயமா என்ன?

பெற்றோர்கள் கேட்டார்கள் என்று, பள்ளியில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் பழைய வழக்கு ஏதும் உண்டா என்று பார்க்கப் போலீசுக்கு எழுதிப் போட்டார்கள். பஞ்சாலையும் அடையாளக் கார்டு நகலைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தாள். மூன்று வாரம் கழித்துப் பள்ளியை நடத்தும் மரியகொரெட்டி டீச்சர் அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். 

"அக்கா, உங்க பேர்ல தொண்ணூத்தேழுல ஒரு திருட்டுக் கேஸ் இருக்குன்னு வந்திருக்கு. நான் நம்பல லா. ஆனா பேரன்ட்ஸ் கேட்டா நான் என்ன சொல்றது? கோர்ட்ல என்ன முடிவாச்சுன்னு ஒரு லெட்டர் எடுத்துட்டு வாங்க. மாசக் கடைசிக்குள்ள."

"அது அப்பவே முடிஞ்சு போச்சு டீச்சர். முடிஞ்சதுன்னு எழுதி வாங்கிட்டு வந்துர்றேன்."

அவள் பொய் சொல்லவில்லை. முடிந்துபோனது என்றுதான் இருபத்தெட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். அவளை அப்படி நம்பவைத்தது அவள் பிறந்து வளர்ந்த தோட்டம். புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் அந்தத் தோட்டம் இருந்தது. இன்றைக்கு அங்கே ஒரு ரப்பர் மரம் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுதான் எல்லாவற்றுக்கும் கோர்ட். ஆபீசுக்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட்டு முடித்ததும், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி முன்னால் வருவார். கத்தி காணோம், வாளி காணோம், யார் வேலையிது என்பார். யாராவது ஒருத்தர் கையைத் தூக்க வேண்டும். தூக்கியவருக்கு வாய் நிறைய வசவு கிடைக்கும், இரண்டு நாள் கூலி போகும், அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. செய்தவர்தான் கையைத் தூக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கிடையாது. குடும்பத்தில் யாராவது ஒருவர் தூக்கினால் போதும். அண்ணனுக்குத் தம்பி தூக்குவான், புருஷனுக்குப் பெண்டாட்டி தூக்குவாள். முனியாண்டிக்கும் அது தெரியும், தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடுவார்.

தொண்ணூற்றேழில், தைப்பூசத்துக்கு முந்தின வாரம், ஸ்டோரில் இருந்து இரண்டு மூட்டை ஓட்டுப்பால் காணாமல் போனது. கோப்பையில் உறைந்து கிடப்பதைச் சுரண்டிச் சேர்க்கும் ரப்பர்தான் ஓட்டுப்பால். எடுத்தவன் பஞ்சாலையின் தம்பி தர்மராஜ். ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் ஆசை அவனுக்கு. மூட்டைகளைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் இவள் பார்த்துவிட்டாள். "அக்கா, யார்ட்டயும் சொல்லிடாத" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். இருபத்தொரு வயசுப் பயல். அம்மா போனபிறகு இவள்தான் அவனுக்குச் சோறாக்கிப் போட்டு வளர்த்தாள்.

மறுநாள் பெரட்டில் முனியாண்டி கேட்டார். தர்மராஜ் தரையைப் பார்த்தான். பஞ்சாலை கையைத் தூக்கிவிட்டாள்.

ஆனால் இந்தத் தடவை வசவோடு முடியவில்லை. எட்டு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. அப்போதும் முனியாண்டி, "பயப்படாத தாயி, கேக்குறதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லு, பொம்பளப் புள்ள, திட்டிட்டு விட்ருவாங்க" என்றார். அவளும் கோர்ட்டில் பெரட்டில் நின்றதுபோலவே நின்றாள். மொழிபெயர்ப்பவர் தமிழில் கேட்டார், ஆமாங்க ஐயா நாந்தான் என்றாள். மாஜிஸ்திரேட் ஏதோ சொன்னார், முனியாண்டி ஜாமீன் கையெழுத்துப் போட்டார், லாரியில் ஏறி வீட்டுக்கு வந்தாள். இரண்டு வருஷம் ஒழுங்காக இரு என்றார்கள். ஒழுங்காகத்தான் இருந்தாள், வேறெப்படி இருக்கத் தெரியும் அவளுக்கு? ரந்தாவ் பக்கமிருந்து பேசிவந்த மாப்பிள்ளை வீட்டார்தான் கோர்ட் ஏறின பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் பேசி வரவில்லை.

அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். தம்பியை நான் காப்பாற்றினேன், அவன் இன்றைக்கு மனுஷனாக நிற்கிறான் என்றால் என் கையால்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். வெளியே ஒரு நாளும் சொன்னதில்லை. தோட்டத்து லயத்து வீடுகளை இடித்தபோது தர்மராஜ்தான் அவளைச் சுங்கை காடுட்டில் தன் பிளாட்டுக்குக் கூட்டிவந்தான். அவன் ஒரு பேக்டரியில் செக்கூரிட்டி கார்டு. சமையலறையை ஒட்டிய சின்ன அறை அவளுக்கு. காலையில் ரயிலேறி நீலாய் போய்விடுவதால்தான் அந்த வீட்டில் அவளால் மூச்சுவிட முடிந்தது. அதுவும் போய்விட்டால், விடிந்தால் பொழுது போனால் தம்பி பெண்டாட்டி திலகாவின் அடுப்படிதான் கதி.

கடுதாசி வாங்குவது எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது என்று ஒருநாள் லீவு போட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். கவுண்டரில் ரோகினி என்றொரு பெண், முப்பது வயதிருக்கும், தமிழ்ப்பிள்ளை. அதைக் கண்டதும் பாதிப் பயம் போனது.

"கேஸ் நம்பர் என்னம்மா?"

"நம்பரெல்லாம் தெரியாதும்மா. தைப்பூசத்துக்கு முந்துன வாரம்."

ரோகினி சிரிக்கவில்லை, அதற்கே அவளுக்குப் புண்ணியம் உண்டு. அத்தனை பழைய கேஸ் கம்ப்யூட்டரில் இருக்காது, பதிவுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும், ஃபைலே இப்போது இருக்கிறதோ அழித்துவிட்டார்களோ தெரியாது என்றாள். "ஒரு வாரம் கழிச்சு வாங்கம்மா." பஞ்சாலைக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனுஷியின் பேரைக் கெடுக்க மட்டும் இருபத்தெட்டு வருஷம் கழித்தும் எங்கிருந்தோ எடுத்துத் தருகிறார்கள், அந்தப் பேரைத் துடைக்க வந்தால் புத்தகத்தைக் காணோமா?

இரண்டாவது தடவை நம்பர் கிடைத்திருந்தது. விண்ணப்பம் எழுத வேண்டும். பேர், கார்டு நம்பர், எதற்காகக் கேட்கிறீர்கள், வழக்கில் நீங்கள் யார். கடைசிக் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. வழக்குக்காரரா, சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவரா. அவளுக்குப் பொருத்தமான கட்டம் அதில் இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். வேறு வழியில்லாமல் மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். இந்தத் தடவையும் தானாகவே ஒப்புக்கொடுத்துவிட்டோமே என்று தோன்றியது.

மூன்றாவது தடவை போனபோது மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. ஃபைல் தப்பிப் பிழைத்திருந்தது. முத்திரை குத்திய நாலு பக்கம். பஞ்சாலை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வகுப்போடு சரி. பேசுகிற மலாய் நாக்கில் புரளும், எழுத்துக் கூட்டியும் படிப்பாள், ஆனால் கோர்ட்டு மலாய் அவள் கைக்குள் வராது. ரோகினி கவுண்டருக்கு வெளியே வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சதுன்னு போட்டிருக்காம்மா?"

"முடிஞ்சதுன்னா..." ரோகினி அவள் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தே சொன்னாள். "நீங்க குத்தத்த ஒத்துக்கிட்டீங்க, குற்றவாளின்னு தீர்ப்பு. ஜெயில் குடுக்காம நன்னடத்தை ஜாமீன்ல விட்டிருக்காங்க. ஜாமீன் காலம் முடிஞ்சிருச்சு. ஆனா குற்றவாளிங்கிறது அப்படியேதாம்மா இருக்கு."

"நான் எடுக்கலையேம்மா." இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதை ஒருத்தரிடம் சொன்னாள். யாரோ ஒரு கவுண்டர்ப் பெண்ணிடம்.

ரோகினி கவுண்டர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "நான் லாயர் இல்ல, சட்ட உதவி ஆபீஸ்ல கேளுங்க. உண்மையா எடுத்தவங்க வந்து சத்தியப் பத்திரம் குடுத்தா மேல் கோர்ட்ல கேட்டுப் பாக்கலாம். ரொம்ப லேட், கிடைக்கும்னு சொல்ல முடியாது. ஆனா வேற வழி இல்லம்மா" என்றாள்.

பஞ்சாலை தர்மராஜை நினைத்தாள். திருடினேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்தவனை எந்தப் பேக்டரி வாசலில் காவலுக்கு வைப்பார்கள்? அவன் மகன் காலேஜில் படிக்கிறான். அவள் வேலையா, அவன் வேலையா என்றால், அவள் மனசு யோசிக்கவே இல்லை, பழகின பாதையில் தானாகவே போனது. "வேணாம்மா. போவட்டும். நானே குத்தவாளியா இருந்துட்டுப் போறேன்" என்று எழுந்தாள்.

ரோகினி பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இதுல வழக்கு விவரம் இருக்கு. முதல் நாள் சாயந்திரம் அஞ்சு மணிக்கு, அதே தோட்டத்து ஆளு ஒருத்தர் ஸ்டேஷன்ல தகவல் குடுத்திருக்காரு. மூட்டைய எடுத்தது பஞ்சாலைதான்னு. அதை வச்சுத்தான் மறுநாள் காலையில உங்களப் பிடிக்க வந்திருக்காங்க. தர்மராஜ்னு போட்டிருக்கு. யாரும்மா அது?"

பஞ்சாலை மறுபடி உட்கார்ந்தாள். முதல் நாள் சாயந்திரம். அப்படியென்றால் பெரட்டில் முனியாண்டி கேட்பதற்கு முன்னாலேயே பதில் ஸ்டேஷனில் எழுதப்பட்டுவிட்டது. அவள் கையைத் தூக்கியிருந்தாலும் ஒன்றுதான், தூக்காவிட்டாலும் ஒன்றுதான்.

"எந்தம்பி" என்றாள். ரோகினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வாள் அந்தப் பெண்ணும்.

சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். தர்மராஜ் ஷிப்டுக்குக் கிளம்ப யூனிபார்ம் போட்டுக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தான். திலகா கடைக்குப் போயிருந்தாள். இவள் கடுதாசியில் இரண்டாவது பக்கத்தைப் புரட்டி மேஜையில் அவன் முன்னால் வைத்தாள்.

"எனக்கு இந்த மலாய் புரியல. சத்தமாப் படி."

அவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தான். தேதி, நேரம், ஸ்டேஷன் பேர். தன் பேர் வந்த இடத்தில் நின்றுவிட்டான். காப்பிக் கப்பைத் தூர நகர்த்தி வைத்தான்.

"மேல படி, தம்பி."

"மூட்டை நம்ம வீட்டுப் பின்னாலன்னு யாரோ சொல்லிட்டாங்கக்கா. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு அறை விட்டாங்க. யாருன்னு கேட்டாங்க. வாயில வந்தது உன் பேருதான். எனக்கு வேற யாரு இருந்தா?"

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவனை அறையலாம்போல் இருந்தது, அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவனைக் கட்டிக்கொண்டு அழலாம்போலும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அவள் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "எடுத்தது நாந்தான்னு ஒரு பத்திரம் எழுதிக் குடுப்பியா? இல்லன்னா எனக்கு வேலை போயிரும்."

"எனக்குப் போயிரும்க்கா."

"தெரியும். அதுக்காகத்தானே நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் மனசுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்த அந்தப் பேச்சை முடிக்க இப்போது அவளிடம் ஒன்றும் இல்லை.

தர்மராஜ் தொப்பியை எடுத்தான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். கண் கலங்கியிருந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது.

"டீச்சர்கிட்ட இத நாளைக்குக் குடுக்கணுமாக்கா?"

"ஆமா."

"இந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துட்டுக் குடேன். மத்ததுல என் பேரு இல்லையே."

பஞ்சாலை அந்த நாலு பக்கத்தையும் சேர்த்து மார்போடு வைத்துக்கொண்டாள். "முடியாது. நாலையும் சேத்துத்தான் முத்திரை குத்தியிருக்கு" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். மோட்டார் சத்தம் கீழே தேய்ந்து மறையும்வரை அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். முத்திரை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்திருப்பாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, அதற்காகத்தான் அழுதாள்.