நாற்பத்தெட்டு முறை பயணம் செய்த கோப்பு

அந்நியர் ஆட்சியை இறக்கியது யார் என்று கேட்டால், லிஃப்ட்காரர் கொஞ்சமும் கூச்சப்படாமல் "நான்தான்" என்பார். பொய்யில்லை. கடைசித் துரையை ஆறாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு இறக்கி, இரும்புக் கதவைத் திறந்து வழியனுப்பியவர் அவரேதான். இத்தனை வருஷச் சேவைக்கு ஏதாவது கையில் வைப்பார் என்று எதிர்பார்த்தார். துரை குடையை மறந்து வைத்துவிட்டுப் போனதோடு சரி.

பத்தொன்பது வயதில் லிஃப்டின் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்தவர். அப்போது லிஃப்ட் வாசலில் "துரைமார்களுக்கு மட்டும்" என்று ஒரு பலகை இருந்தது. விடுதலை வந்த மறுவாரமே பெயின்டர் வந்து அதை அழித்தார். லிஃப்ட்காரருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பெயின்டர் நிதானமாக, "அதிகாரிகளுக்கும் கோப்புகளுக்கும் மட்டும்" என்று எழுதிவிட்டு, தூரிகையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கோப்புகளுக்கு அந்த யோகம் எப்படி வந்ததென்றால், ஆறாவது மாடியில் நாட்டின் முதல் திட்டத்தை எழுத ஒரு குழு உட்கார்ந்திருந்தது. எங்கே அணை, எங்கே ஆலை, யாருக்கு நிலம், எல்லாம் அங்கேதான் முடிவாக வேண்டும். குழுவினர் லிஃப்டுக்குள்ளும் அந்தப் பேச்சை விட மாட்டார்கள். இரண்டாவது மாடி வருவதற்குள் நிலத்தையெல்லாம் ஏழைகளுக்குப் பங்கு போட்டுவிடுவார்கள். நான்காவது மாடியில் திரும்ப வாங்கிவிடுவார்கள். லிஃப்ட்காரர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்புவார். சேவகர்கள் கோப்பு மூட்டைகளை லிஃப்டில் ஏற்றிவிட்டு, அவற்றை மேலே வாங்கிக்கொள்ளப் படியில் தலைதெறிக்க ஓடுவார்கள்.

அதே ஆறாவது மாடியைக் கூட்டித் துடைக்கும் வேலை அவர் மனைவிக்குக் கிடைத்தது. புதிய நாடு கொடுத்த புதிய வேலை. காலையில் தண்ணீர் தரைத்தளக் குழாயில் மட்டும்தான் வரும். வாளியைத் தூக்கிக்கொண்டு நூற்று முப்பத்திரண்டு படி ஏற வேண்டும். இரண்டே வருஷத்தில் வலது முட்டி பூசணிக்காயாக வீங்கியது. படி ஏறுவதை நிறுத்து, இல்லையென்றால் நடப்பதையே மறந்துவிடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"வேலையை விட்டுரட்டுமா?" என்று கேட்டாள்.

"விட்டா, அப்புறம் வீட்ல உக்காந்து என்னைத் துடைச்சு எடுப்ப. இரு, மனு போடுறேன்."

போட்டார். துப்புரவுப் பணியாளர்களும் லிஃப்டில் ஏற அனுமதி வேண்டும் என்று இரண்டு பக்கம். மனு கோப்பானது. கோப்பு பதினோரு மாதம் மேசை மேசையாகத் தூங்கியது. வேண்டாம் என்றும் யாரும் எழுதவில்லை, சரி என்றும் எழுதவில்லை. கடைசியில் ஒருநாள் காலை, மேலே போகும் மூட்டையிலிருந்து அவர் காலடியிலேயே நழுவி விழுந்தது. கயிறு அறுந்து, தாள்கள் பிதுங்கிக் கிடந்தன. அவர் அதை எடுத்துப் படியருகே நின்ற மனைவியின் கையில் திணித்தார்.

"இதைப் பிடி. உள்ள வா."

"என்னங்க இது?"

"கோப்பு. கோப்பு லிஃப்ட்ல ஏறலாம். இதுல கயிறு இல்ல, காத்துல பறந்துரும். யாராவது பிடிச்சுக்கிட்டுதானே வரணும்?"

அன்று முதல் ஒரு கையில் வாளி, மறு கையில் கோப்பு. காலையில் ஏறுவாள், மாலையில் இறங்குவாள். வாசலில் உட்கார்ந்திருந்த பதிவுக்காரர் கடமை தவறாதவர். கோப்பு மேலே, கோப்பு கீழே என்று தேதியோடு எழுதி வந்தார்.

மாதக் கடைசியில் அறிக்கை போயிற்று. கட்டடத்திலேயே அதிவேகமாக நகரும் கோப்பு எது என்று பார்த்தால், ஒரே மாதத்தில் நாற்பத்தெட்டு முறை! குழுத் தலைவர் ஆடிப்போனார். நாட்டின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது என்று நினைத்து, உடனே கொண்டுவரச் சொன்னார்.

குட்டு உடைந்தது. புருஷனும் பெண்டாட்டியும் அவர் மேசைக்கு முன்னால் நின்றார்கள். லிஃப்ட்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இரண்டு வேலையும் ஒரே நாளில் போனால் அடுப்பு எரியாது.

தலைவர் இரண்டு பக்கத்தையும் படித்தார். "நாப்பத்தெட்டு தடவை ஏறி இறங்கியிருக்கு. ஒருத்தர்கூடவா முடிவு எடுக்கல?"

"முடிவு எடுத்தா கோப்பை மூடிருவீங்க, ஐயா," என்றாள் அவள். "அப்புறம் நான் எதைப் பிடிச்சுக்கிட்டு ஏறுறது?"

தலைவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பதவி குறுக்கே நின்றது. அவர் மேசையில் 'சமத்துவம்' என்ற அத்தியாயம் பாதி எழுதியபடி கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, கோப்பில், "இதை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கலாம்" என்று எழுதி, கோப்பை அவளிடமே நீட்டினார். அதுவரை அவள் படியிலேயே ஏற வேண்டும் என்றார்.

"உத்தரவுங்க," என்றார் லிஃப்ட்காரர். குரலில் அவ்வளவு பணிவு.

மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் ஒரு அட்டை தொங்கியது: "எண்ணெய் போடப்படுகிறது. அனைவரும் படியில் செல்லவும்." அனைவரும் என்ற சொல்லை மட்டும் லிஃப்ட்காரர் கொஞ்சம் பெரிதாக எழுதியிருந்தார்.

லிஃப்ட் நின்றதால் கை சும்மா இருந்தது. மனைவியின் வாளியை அவரே தூக்கினார். மூன்றாவது மாடியில் தோள் இற்றுப்போயிற்று. இந்தக் கனத்தையா இவள் மூன்று வருஷம் சுமந்தாள்? லிஃப்டுக்குள் முக்காலியில் உட்கார்ந்தே தான் ஏறி இறங்கியதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. வாளியைக் கீழே வைக்காமல் ஏறினார்.

நான்காவது மாடித் திருப்பத்தில் தலைவர் படியில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவளும் முட்டியைப் பிடித்துக்கொண்டு அதே படியில் உட்கார்ந்தாள். நாடு விடுதலையானதிலிருந்து ஒரு குழுத் தலைவரும் ஒரு துப்புரவுக்காரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அந்தக் கட்டடத்தில் அதுதான் முதல் தடவை.

தலைவரின் கண் அவள் மடியில் விழுந்தது. "படியில வரும்போதும் எதுக்கும்மா அந்தக் கோப்பு?"

"பழகிப்போச்சுங்க."

அவர் கையை நீட்டினார். கோப்பை வாங்கி முட்டிமேல் வைத்து, துணைக்குழுவை ஒரே கோடாக அடித்துவிட்டு, "எல்லோரும் ஏறலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு லிஃப்ட்காரரை நிமிர்ந்து பார்த்தார். "எண்ணெய் எப்பய்யா காயும்?"

"இப்பதாங்க காஞ்சுது!"

நாற்பது வயது லிஃப்ட்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினார். லிஃப்டை நான்காவது மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். அவள் வாளியை உள்ளே நகர்த்திவிட்டு ஏறி நின்றாள். தலைவரும் ஏறினார். லிஃப்ட்காரர் கதவை இழுக்கும்போதுதான் தலைவர் பார்த்தார். கோப்பு படியிலேயே கிடந்தது.

"அம்மா, கோப்பை விட்டுட்டியே!"

"அது இனிமே படியில வரட்டுங்க," என்றாள் அவள்.