கட்டெறும்பு கடித்த கால்

எங்கள் வீடு திண்டுக்கல் பக்கம் அகரத்தில். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம், அதன் தூரில் கட்டெறும்புப் பொந்து. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கும் அதுகளுக்கும் ஆகவே ஆகாது. சிற்றெறும்பு என்றால் வரிசையாக வரும், பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். இதுகள் அப்படியா? வெயில் ஏற ஏறப் பொந்தைவிட்டுக் கிளம்பி, தலையைத் தூக்கிக்கொண்டு திசைக்கு ஒன்றாக ஓடும். கடித்தால் விடாது. பிடித்து இழுத்தால் உடம்பு கையோடு வரும், தலை தோலிலேயே நிற்கும். ஒரு தடவை கடி வாங்கி நான் போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டு மதினி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

என் வீட்டுக்காரருக்கு மல்லிகைத் தோட்டத்தில் வேலை. வீட்டில் கக்கூஸ் கட்டியும், கொல்லை முருங்கை மரத்தடியில் போய் நின்றால்தான் அவருக்கு ஒண்ணுக்கு வரும். அந்த வருசம் அந்த இடத்தில் கட்டெறும்பு மொய்க்க ஆரம்பித்தது. "வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று அவரைத் திட்டினேன். எறும்புப் பொடி தூவினேன், சாம்பலைக் கொட்டினேன். இம்புட்டு எறும்பு அங்கே எதுக்கு வருது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை.

அப்புறம் ஒரு காலை. கல்லுப் பக்கம் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். இடது காலில் நாலைந்து எறும்பு. பெருவிரல் இடுக்கில் ஒன்று உடம்பை வளைத்துக் கடித்துக்கொண்டு நிற்கிறது, ரத்தம் கசிகிறது. மனுசன் அவர் பாட்டுக்குப் பல்லைத் தேய்க்கிறார்.

"ஏங்க, வலிக்கலையா?"

"செருப்பில்லாம தோட்டத்துல நடந்த காலு புள்ள. எறும்பு என்ன செய்யும்?"

எனக்கு அப்படியொரு பெருமை. "எங்க வீட்டுக்காரரக் கட்டெறும்பு கடிச்சாக்கூட வலிக்காது மதினி" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அந்த வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது இப்போது.

கடித்த இடம் ஆறவே இல்லை. மஞ்சளை இழைத்துப் போட்டேன். விரல் கறுத்த பிறகுதான் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா காலைப் பார்த்ததும் கேட்டார்: "ஒண்ணுக்குப் போற இடத்துல எறும்பு வருமா?" வரும் என்று தலையை ஆட்டினேன். சர்க்கரை. எத்தனை வருசமாகவோ. காலில் உணர்ச்சியே செத்துப்போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரை, ஊசி, பத்தியம் எதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்தது. காலையில் நாற்காலியைப் பொந்துக்குப் பக்கத்தில் போடச் சொல்லி, மிச்சமிருந்த காலை மண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"என்னங்க இது கிறுக்குத்தனம்?"

"கடிச்சாத் தெரியுதான்னு பாக்குறேன் புள்ள."

டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். ஆனாலும் நாற்காலியைப் போட்டேன், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மூன்றாம் நாளே ஒன்று கடித்தது. "அய்யோ அம்மா!" என்று துள்ளினார். ரெண்டு பேரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம். அன்றைக்குக் கறி எடுத்துக் குழம்பு வைத்தேன்.

அடுத்த வருசம், வைகாசியில் ஒரு காலை. அவர் வேப்பமரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு ஒண்ணையும் காணோமே?"

நான் குனிந்து பார்த்தேன். கால்விரலில் ஒரு கட்டெறும்பு வளைந்து நின்று கடித்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. பெருமை பேசி ஒரு காலை விட்டது போதும் என்று நினைத்தேன்.

"வந்திருச்சுங்க. கடிச்சுக்கிட்டு இருக்கு."

அவர் கீழே பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"எந்த விரல்ல புள்ள?"