ரூட்டிலிருந்து இறங்கிய ஸ்டெல்லா

"அக்கா போயிடுச்சுங்க" என்று ஸ்டெல்லாவின் தம்பி ஏலாக்குறிச்சியிலிருந்து போன் செய்தபோது, லேபில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. காய்ச்சல் என்று விடுப்பில் போனவர். வெளியே வந்து வராந்தாவில் நின்றேன்.

பெரம்பலூரில் நம் கல்லூரிக் கணினிகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் வந்த புதிதில் நாங்கள் இருவரும்தான் லேப் உதவியாளர்கள். ரூட் என்ற பெயரில் நுழைந்தால் கணினி எதற்கும் தடை சொல்லாது. வேலை முடிந்ததும் அதிலிருந்து வெளியேறிவிட வேண்டும் என்பதில் ஸ்டெல்லா கண்டிப்பானவர். ஒருமுறை, "ரூட்ல இருந்து எறங்கு புள்ள!" என்று என்னிடம் கத்தினார். பெருக்கிக்கொண்டிருந்த கோவிந்தண்ணன் நிமிர்ந்தார்.

"எந்த ரூட்டும்மா, அரியலூரா?"

"இந்த ரூட்டுல டிக்கெட்டே இல்லாம எல்லா ஊருக்கும் போலாம்ண்ணே. பிரேக்குதான் கிடையாது" என்றார் ஸ்டெல்லா.

ஒரு செய்முறைத் தேர்வு நாளில் அவரைப் பார்த்தவர்கள், இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் இருப்பீர்கள். மாணவர்களின் நிரல்களை ஓட்டுவதற்கான கம்பைலரை முந்தைய மாலைதான் புதிதாக நிறுவியிருந்தார். காலையில் மாணவர்கள் தங்கள் பெயரில் நுழைந்தபோது எல்லாத் திரைகளிலும் அனுமதி இல்லை என்று ஒரே வரி: 'பெர்மிஷன் டினைட்'. கம்பைலர் இருந்த கோப்புறை, அதாவது டைரக்டரி, ரூட்டுக்கு மட்டுமே திறந்திருந்தது. தேர்வு நடத்த வேண்டிய வெளியூர்த் தேர்வாளர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாரும்மா போட்டது?" என்று துறைத்தலைவர் பதறினார்.

"நான்தான் சார். ரூட்ல மட்டும் ஓட்டிப் பாத்துட்டுப் போயிட்டேன். என் தப்பு."

"சரி, செவன் செவன் செவன் போட்டு எல்லாத்தையும் தொறந்து வுடு. பரீட்சை போயிடும்."

அந்த மூன்று ஏழுகளைப் போட்டால் எவரும் எதையும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். மாணவர்களின் விடைகளும் அதே சர்வரில்தான் சேரும்.

"அத மட்டும் கேக்காதீங்க சார். ஒருத்தன் கை தவறுனா இன்னொருத்தன் பரீட்சை போயிடும். ஒரு காபி குடிச்சிட்டு வாங்க."

துறைத்தலைவர் காபிக்குப் போகவில்லை. ஸ்டெல்லாவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். ஸ்டெல்லா அந்த ஒரு டைரக்டரியை மட்டும், மற்றவர்கள் படிக்கவும் ஓட்டவும் முடிகிற அளவுக்குத் திறந்தார். பிறகு எழுந்துபோய், அழுகையை அடக்கிக்கொண்டிருந்த, வேப்பந்தட்டையிலிருந்து வரும் ஒரு மாணவியிடம், "கொஞ்சம் நகரும்மா" என்று அவளது நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உன் பேர்ல நீயே உள்ள போ. நான் தொட மாட்டேன்."

அவள் தட்டினாள். நிரல் ஓடியது.

"இப்பதான் சார் இன்ஸ்டால் ஆயிருக்கு" என்றார் ஸ்டெல்லா, திரும்பிப் பார்க்காமலே.

இனி லேபில் எல்லாவற்றையும் நான்தான் நிறுவ வேண்டும். எனக்கு ஓடிவிட்டது என்பதற்காக எழுந்து போய்விட மாட்டேன். யாருக்காக நிறுவினேனோ அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்கள் தட்டும்வரை காத்திருப்பேன். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டது, நாற்காலியின் அந்த ஓரம்தான்.