ஊர்க்கார வக்கீல்

சுடலைக்கண்ணுவுக்குப் பதினாறு வருஷமாக ஓசூரில் லேத் வேலை. தொரப்பள்ளிப் பக்கம் ஒரு மனை பிடித்துப்போய், பத்திரம் பார்க்க வக்கீல் தேடினார். முதலில் பார்த்த உள்ளூர் வக்கீல், தாய்ப்பத்திரம் எந்த பாஷையில் இருக்கிறது என்று கேட்டார். இதென்ன கேள்வி என்று சுடலைக்கண்ணு எரிச்சலோடு எழுந்து வந்துவிட்டார். அடுத்தவர், "வாடே, உக்காரு" என்றார். அசல் திருநெல்வேலிப் பேச்சு, சுடலைக்கண்ணுவின் சொந்த ஊர்ப் பேச்சு. "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று இவர் கேட்டதோடு சரி, பத்திரக் கட்டை அவரிடமே கொடுத்துவிட்டார்.

நாலே நாளில் வக்கீலின் கடிதத்தோடு கட்டும் திரும்பி வந்தது. எல்லாப் பத்திரங்களையும் படித்துப் பார்த்தாராம், வில்லங்கம் ஏதும் இல்லையாம்.

திங்கட்கிழமை பதிவு. வெள்ளிக்கிழமை கட்டைப் புரட்டியபோதுதான் அறுபது வருஷத்துக்கு முந்தைய தாய்ப்பத்திரம் தெலுங்கில் இருப்பது கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு இருப்புக்கொள்ளவில்லை. கம்பெனியில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள். நகலை எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாக அலைந்தார்.

"வீட்ல பேசறதோட சரிண்ணா. படிச்சதெல்லாம் தமிழ்தான்" என்று எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஷிப்ட் முடிந்ததும் வக்கீலிடமே போய் நின்றார்.

"அண்ணாச்சி, இதுல என்ன எழுதியிருக்கு?"

"எனக்குத் தெலுங்கு தெரியாதுடே. முத்திரை, கையெழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"படிச்சுப் பாத்தேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீ எங்கிட்ட ஊரைத்தானடே கேட்ட?"