ஊரார் பிள்ளைகளின் மூச்சு

இங்கிலாந்தின் இந்தச் சிறு நகரத்தில் பிள்ளைகள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் எல்லோருக்கும் ‘மிஸ்’ஸாக இருந்த தாதிக்கு, ஐந்து வயதுப் பொடிசு “ஹலோ மேரி” என்று கை நீட்டுவது இன்னமும் கூச்சமாக இருக்கிறது. ஆஸ்துமா கிளினிக்கில் எனக்கு வேலை. இன்ஹேலர் பம்பைக் குலுக்கு, ஸ்பேசர் குழாயில் பொருத்து, ஒரு தடவை அமுக்கு, மெதுவாக இழு, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடி. பிறகு பிள்ளையையே செய்துகாட்டச் சொல்வேன். சரியாகச் செய்யும்வரை விடமாட்டேன்.

போன வாரம் ஒரு தாய், “உங்கள் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள், வீட்டிலேயே நேர்ஸ்” என்றாள். நான் சிரித்தேன். அவள் அதை ஆமென்று எடுத்துக்கொண்டாள். என் வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அதைச் சொன்னவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கமாட்டார். என் மகள் ஷெரினுக்கு நான்கு வயதிலிருந்து வீசிங். இழுப்பு வந்தால் நான் வேலைசெய்த வார்டுக்கே தூக்கிக்கொண்டு ஓடுவேன். நெபுலைசர் மாஸ்க்கை நானே அவள் முகத்தில் பிடிப்பேன். பம்ப் அலுமாரியில் கிடந்தது. நான் இருக்கிறேன்தானே என்ற திமிர். அதை எப்படி எடுப்பதென்று அவளுக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் அப்பாவுக்கும் இல்லை. விசா வந்த அவசரத்தில் மிளகாய்த்தூள்வரை யோசித்துக் கட்டினேன், இதை யோசிக்கவில்லை. புறப்பட ஆயத்தமாகும் தாதிமார் யாரும் இதை வாசித்தால், முதல் வகுப்பை வீட்டில் எடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன், வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பில் அவளுக்கு இழுத்தது. நான் வந்த பிறகு பையில் கொண்டுதிரிந்த பம்பை எடுத்து, சென்ட் அடிப்பதுபோல வாய்க்குள் அடித்திருக்கிறாள். மருந்து நாக்கோடு போய்விட்டது. காலி வீதி நெரிசலில் அவள் அப்பா யூஜின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தபோது உதடு நீலமாம். பிழைத்துக்கொண்டாள். நான் போனில் அவரிடம் கத்தினேன்.

“நீ எங்களுக்கு ஒருநாளும் காட்டித் தரேல்லையே மேரி,” என்றார். அவர் குரலை உயர்த்தவேயில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது என் மத்தியான இடைவேளையில், அங்கே பின்னேரம், வீடியோவில் வகுப்பு நடக்கிறது. தீர்ந்துபோன பம்பை வைத்துத்தான் பயிற்சி. நேற்றும் நடந்தது.

“குலுக்குங்க மகள். இனி அமத்துங்க. மெதுவா இழுங்க. பிடிங்க.”

கன்னம் உப்ப மூச்சைப் பிடித்தாள். நான் எண்ணினேன். ஆறில் படம் அசையாமல் நின்றது. பத்துக்கு வந்தேன்.

“விடுங்க மகள்.”

அவள் விடவில்லை. லைன்தான் நின்றுவிட்டது என்று தெரியும். எத்தனையோ தடவை நின்றிருக்கிறது. கதவுக்கு வெளியே யாரோ பெற்ற பிள்ளை ஒன்று எனக்காகக் காத்திருந்து இருமியது. நான் எழும்பவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டேயிருந்தேன்.