நான்கு மூலை மஞ்சள்

எந்தப் புதுக் காகிதம் வீட்டுக்குள் வந்தாலும் அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைப்பது என் அம்மாவின் வழக்கம். ரேஷன் கார்டு, கரண்ட் கார்டு, என் பள்ளிக்கூட நோட்டு, அப்பாவைக் கம்பெனியில் நிரந்தரமாக்கிய ஆர்டர், எல்லாவற்றிலும் அம்மாவின் விரல் பட்டிருக்கும். நல்லது நடக்க வேண்டிய காகிதம் வெறுமனே வாசல் தாண்டக் கூடாது என்பாள். இன்று நானும் ஒரு வீட்டை நடத்துகிறேன். மாரியம்மன் புண்ணியத்தில் குறை ஒன்றுமில்லை. என் மகளின் பள்ளி விண்ணப்பத்தை நானும் மஞ்சள் வைக்காமல் கொடுத்ததில்லை. ஆனால் ஓட்டுப் போடப் போகும்போது மட்டும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கிளம்புவேன். அது அப்பாவிடம் கற்றது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊர் சூளகிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே. அந்த முறை பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, பூட்டு சாவி சின்னத்தில் நின்றார். எதிரே நின்றது போர்வெல் வண்டிக்காரரின் மனைவி.

அப்பாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. மெஷினிலிருந்து வரும் ஒவ்வொரு சாமானையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு கீறல் இருந்தாலும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். பத்து வருஷம் அதையே செய்தவருக்கு மனிதர்களைப் பார்க்கவும் வேறு கண் இல்லாமல் போய்விட்டது. லீவு போட்டுவிட்டு அத்தைக்கு பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாருடன் வந்தார்கள், யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தாராம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குக் கர்நாடகத்திலும் ஒரு கால் உண்டு. அவர்கள் வந்தால் அப்பா நகத்தையே பார்ப்பார்.

"ஏம்பா, அத்திப்பள்ளியிலயும் உனக்கு ஓட்டு இருக்குதில்ல?"

"அங்க எலெக்சனே இல்லீயே அண்ணா. நீ வெச்சாத்தான் உண்டு."

அந்தப் பதிலையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் மிகவும் சந்தேகப்பட்ட ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். என் காதுகுத்துப் பந்தியில் அம்மாவின் அண்ணனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டார் அத்தை. அதிலிருந்து இரண்டு வருஷமாக அம்மாவும் அத்தையும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. போதாததற்கு, போர்வெல் வண்டிக்காரரின் மனைவி அம்மாவுக்குத் தெரிந்தவர். வெள்ளிக்கிழமை கோயிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் விளக்குப் போடுவார்கள். அப்பாவின் கணக்கில் இது போதாதா?

தேர்தலன்று அம்மாவும் எதிர்வீட்டுக்காரம்மாவும் அவர் மருமகளும் என்னையும் கூட்டிக்கொண்டு முதலில் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். பூசாரி ஓர் இலையில் ஈர மஞ்சள் கொடுத்தார். மூன்று பேரும் விரலில் தொட்டுக்கொண்டு, அந்த இலையோடு நேராகப் பள்ளிக்கூடம். நான் புங்க மரத்தடியில் நின்றேன். அம்மா வெளியே வந்ததும் மையைக் காட்டச் சொன்னேன். விரலை நீட்டினாள். நகத்தில் மை, விரல் நுனியில் மஞ்சள். அப்பாவின் நோட்டில் அம்மா பெயரும் ஏறியிருந்தது: இன்னும் இரண்டு பேருடன் வந்தார்.

சாயங்காலம் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் அப்பா கேட்டுவிட்டார்.

"எதுல குத்துன?"

"சாமிக்குத் தெரியும்" என்று அம்மா குழம்பை ஊற்றினாள். அப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

அத்தை இரண்டு ஓட்டில் தோற்றார். எண்ணுகிற இடத்திலிருந்து மறுநாள் வந்த அப்பாவுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பூட்டு சாவிமேல் சரியாக முத்திரை விழுந்த மூன்று சீட்டுகளைச் செல்லாது என்று தள்ளிவிட்டார்களாம். நான்கு மூலையிலும் மஞ்சள் கறை. போட்ட ஆளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் சீட்டில் இருக்கக் கூடாது என்பது சட்டமாம். அத்தை எங்கள் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "சதி பண்ணிட்டானுங்கடா தம்பி, என்னை மூணு சீட்டுல மண்ணாக்கிட்டானுங்க" என்றார். அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அத்தை அதைக் குடிக்கவில்லை.

அப்பா விட்டுவிடவில்லை. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏழு பேரைச் சந்தேக நபர்களாகத் தேர்ந்தெடுத்தார். முதல் பெயர், பூத்தில் சீட்டைக் கிழித்துக் கொடுத்த டீச்சரம்மா. போர்வெல்காரரிடம் கையூட்டு வாங்கிக்கொண்டு பூட்டு சாவிக்காரர்களுக்கு மட்டும் மஞ்சள் தடவிய சீட்டைக் கொடுத்தார் என்பது அப்பாவின் தீர்மானம். 'மேற்படி ஆசிரியையைப் பணியிலிருந்து நீக்கி' என்று மூன்று பக்கத்துக்கு மனு எழுதினார். அந்த டீச்சர் பக்கத்து ஊர்க்காரர். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுத் தேர்தல் வேலைக்கு வந்தவர். அது அப்போது எனக்குத் தெரிந்திருந்தாலும் அப்பா நல்லவர், கெட்டவர்களைத்தான் பிடிப்பார் என்றே நினைத்திருப்பேன்.

மறுநாள் எனக்குப் பள்ளி இல்லை. அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். அம்மா மனுவைச் சாமி படத்தடியிலிருந்து எடுத்து, கவரில் போட்டுக் கொடுத்தாள்.

பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். "ரிசல்ட்ட மாத்தணும்னா கோர்ட்டுக்குத்தான் போவணும். ஆனா டீச்சர் மேல எழுதியிருக்கீங்க. இத நான் வாங்கிட்டா, இன்னிக்கே அந்தம்மாவுக்கு நோட்டீஸ் போயிரும்" என்றார். "போகட்டும் சார்" என்றார் அப்பா. பெரியவர் ரப்பர் ஸ்டாம்பைக் கையில் எடுத்தவர், மனுவின் முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு இரண்டாம் பக்கத்தை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாவதைப் பார்த்தார்.

"மஞ்சள் கறைன்னு எழுதியிருக்கீங்களே, அது எப்படி இருந்தது? இப்படியா?"

அப்பாவுக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டுக் காகிதங்களில் பார்த்துப் பார்த்து, அது அவர் கண்ணுக்குக் கறையாகவே தெரிவதில்லை. நான்தான் உதவி செய்தேன்.

"அது எங்கம்மா வெச்சது. எங்கம்மா எல்லா பேப்பருக்கும் வெப்பாங்க. நல்லது நடக்கறதுக்கு."

அப்பா மனுவை வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கம்பெனியில் எப்படிப் பிடிப்பாரோ அப்படித்தான். நெடுநேரம் இறக்கவில்லை.

"சீல் போட்டுரட்டுங்களா?" என்றார் பெரியவர்.

"வேணாங்க சார். தப்பா எழுதிட்டேன்."

பஸ்ஸில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அன்னிக்குக் கோயிலுக்கு யார் யாரு போனீங்க, பாப்பா?" என்னையும் சேர்த்து நான்கு பேர் என்றேன். அவர் என்னைக் கழித்துவிட்டு விரல் மடக்கினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது. இரண்டு மைல் திரும்பி நடந்தோம். நான் வாயைத் திறந்ததால்தான் மனுவை வாங்கவில்லை என்று எனக்கு ஒரே பயம்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். "குடுத்துட்டீங்களா?"

"உம்."

அத்தையிடம், செல்லாதது செல்லாததுதானாம் என்று சொல்லிவிட்டார். அன்றிரவு அம்மா ஊற்றிய குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போர்வெல்காரர்தான் சதி செய்தார் என்று அத்தை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தான் வைப்பதைக் கறை என்று நினைத்தே பார்க்காத அம்மாவும், "அந்த மூணு சீட்டு மட்டும் இருந்திருந்தா" என்று அங்கலாய்ப்பாள். அப்பா அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவார்.

அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலுக்கு அம்மா கோயிலிலிருந்து வந்து கிளம்பியபோது, அப்பா ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்துவந்து வாசலில் வைத்தார்.

"கையக் கழுவிட்டுப் போ."

"என்னாத்துக்கு? என் கையில என்னா இருக்குது?"

அப்பா சோப்பை அவள் கையில் வைத்தார். அவரே தண்ணீர் ஊற்றினார். நான் திண்ணைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் அம்மாமேல் சந்தேகம் தீரவில்லையே இந்த மனிதருக்கு என்று எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.